ஆளுக்கு ஒரு சுரம்: பாண்டுங்கின் அங்குலுங் கூடமும் கருவியும் எப்படி?

குலுக்கி வாசிக்கும் மூங்கில் கருவியான அங்குலுங் ஒன்றை மட்டும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால் அது வெறும் கிலுகிலுப்பை. ஒரு கருவிக்கு ஒரே சுரம். ‘ப’ என்றால் ‘ப’ மட்டும்தான், எத்தனை நேரம் குலுக்கினாலும். பாட்டாக வேண்டுமானால் குறைந்தது ஐந்து பேர், வசதியாக எட்டுப் பேர் வேண்டும். சங்கீதம் படிக்காதவர், விரல் வளையாதவர், காது மந்தமானவர், பள்ளிக்கூடப் பிள்ளை, ஓய்வூதியக்காரர் என்று எல்லாரையும் ஒரே வட்டத்தில் உட்காரவைத்து வாசிக்க என்ன கருவி இருக்கிறது என்று தேடுகிறவர்களுக்கு இந்தோனேசியாவின் மேற்கு ஜாவா வைத்திருக்கும் பதில் இது. அதை முதலில் கையில் பிடித்துப் பார்க்க ஏற்ற இடம், பாண்டுங் நகரத்தின் கிழக்கே பாதாசுகா சாலையில் இருக்கும் சவுங் அங்குலுங் ஊஜோ. அந்தக் கூடத்தில் ஒரு பிற்பகலுக்கு என்ன கிடைக்கிறது, கருவியை வாங்கிவந்து சொந்த ஊரில் குழு தொடங்கினால் என்னென்ன ஆகும், இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

கருவி மேற்கு ஜாவாவின் சுந்தா மக்களுடையது. நெல்லுக்குரிய தெய்வமான ஸ்ரீயை வயலுக்கு அழைக்கும் சடங்குகளில் இது ஒலித்தது. பாந்தன் மலைப்பக்கம் வாழும் பதுய் மக்களிடம் விதைப்புக்கால அங்குலுங் இன்றும் உண்டு. அந்தப் பழைய கருவிகளுக்கு அவர்களுடைய சொந்தச் சுருதி அமைப்புகள்தான். 1938இல் டாயெங் சுதிக்னா என்ற பள்ளி ஆசிரியர் அதை மேற்கத்திய ஏழு சுர வரிசைக்கு மாற்றினார். இன்று பள்ளிகளிலும் மேடைகளிலும் பார்ப்பது பெரும்பாலும் அவர் வழிவந்த வகை. அவருடைய மாணவர் ஊஜோ ங்கலாகெனா 1966இல் மனைவியோடு சேர்ந்து தொடங்கியதுதான் இந்தக் கூடம். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் அங்குலுங் இடம்பெற்றது. டாயெங் சுதிக்னா தன் கருவிக்குச் சொன்ன ஐந்து இலக்கணங்கள் இந்தோனேசிய மொழியில் ‘ம’வில் தொடங்குபவை: எளிது, மலிவு, கற்றுத்தரும், ஈர்க்கும், கூட்டமாக வாசிக்கலாம். ஐந்தில் நான்கு உண்மை. மலிவு என்பதற்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு, பின்னால் வருகிறது.

கூடத்தின் வழக்கமான காட்சி பிற்பகல் 3.30 மணிக்கு, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நுழையும்போது கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு குட்டி அங்குலுங் தருகிறார்கள். மரப்பாவைக் கூத்திலிருந்து ஒரு துண்டு, முகமூடி நடனம், குழந்தைகளின் ஊர்வலம், மூங்கில் சைலபோன்களோடு ஒரு வாத்தியக் குழு என்று முதல் பகுதி வேகமாக நகர்ந்துவிடும். நன்றாகவே இருக்கும். ஆனால் இங்கே வருவதற்கான காரணம் அதற்குப் பிறகு வருகிறது. பார்வையாளர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு அங்குலுங் வருகிறது. அதில் ஒரு எண், கூடவே ஒரு தீவின் பெயர். மேடையில் நிற்பவர் கைவிரல்களை மடக்கி முட்டியாகக் காட்டினால் ஒரு தீவுக்காரர்கள் குலுக்க வேண்டும். உள்ளங்கையைத் தரைக்குச் சமமாக நீட்டினால் இன்னொரு தீவு. சுட்டுவிரலை மேலே தூக்கினால் வேறொன்று. பத்து நிமிடத்துக்குள் கூடம் முழுக்க ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருக்கும்.

கவனிக்க வேண்டியது, அவர் எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறார் என்பதை. சுரம், தாளம், ஸ்தாயி என்று ஒரு சொல் வாயிலிருந்து வருவதில்லை. பிடிப்பது எப்படி என்று ஒரு முறை, குலுக்குவது எப்படி என்று ஒரு முறை, பிறகு கை ஜாடைதான். அந்த ஜாடைகள் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இசைக் கல்வியாளர் ஜான் கர்வென் ஒழுங்குபடுத்தி, ஹங்கேரியில் இசையமைப்பாளர் கொடாயின் வழியினர் பரப்பிய சுரக் கை முத்திரைகளின் உறவுமுறை. மொழி தெரியாத ஊர்க்காரர்கள் ஐந்தாறு நாட்டிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் கூடத்தில் இதைவிடச் சிக்கனமான பாடம் இருக்க முடியாது. காது கேளாதவர்களும் இதில் பின்தங்குவதில்லை: குறிப்பு கண்ணுக்கு வருகிறது, பதில் கையில் அதிர்கிறது.

காட்சியாக முழு மதிப்பெண் தரலாம். சமூக இசையாக எடுத்துக்கொண்டால் இது ருசி பார்க்கும் ஒரு கரண்டி, அவ்வளவுதான். சில நூறு பேர் உள்ள கூட்டத்தில் உங்கள் சுரத்தை இன்னும் நாற்பது பேர் வைத்திருப்பார்கள். நீங்கள் தவறினால் யாருக்கும் தெரியாது, கூச்சம் போய்விடும், அது நல்லது. நீங்கள் வாசிக்காமல் சும்மா இருந்தாலும் யாருக்கும் தெரியாது, அதுதான் குறை. கூட்டத்தின் அளவை வைத்துப் பெருமைப்படும் பழக்கம் இந்தக் கருவிக்கு இருக்கிறது. 2011 ஜூலையில் வாஷிங்டனில் 5,182 பேர், 2023 ஆகஸ்டில் ஜகார்த்தா விளையாட்டரங்கில் 15,110 பேர் என்று கின்னஸ் சாதனைகள். ஆனால் மனதுக்கு ஏதாவது செய்கிறதென்றால் அது எட்டிலிருந்து முப்பது பேர் உள்ள குழுவில்தான். அங்கே உங்கள் ‘த’ வரவில்லை என்றால் பாட்டில் ஓட்டை விழும். எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். ‘நீ வராவிட்டால் நடக்காது’ என்று யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை, கருவியே சொல்லிவிடுகிறது. பல நாளாக யாருக்கும் தேவைப்படாதவராக உணர்ந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை.

போகிறவர்களுக்கு: ஜகார்த்தாவிலிருந்து 2023 அக்டோபர் முதல் ஊஷ் அதிவேக ரயில் ஓடுகிறது, 142 கி.மீ. தூரத்தை முக்கால் மணியில் கடக்கிறது. சனி, ஞாயிறுகளில் ஜகார்த்தா பாதி பாண்டுங்கில்தான் இருக்கும் என்பதால் வாரநாளே மேல். அரை மணி முன்னதாகப் போனால் கூட்ட நெரிசல் இல்லாமல் கடையைப் பார்க்கலாம். மேடைக்கு நேர் நடுவில் உட்காருங்கள். ஓரத்தில் இருந்தால் கை ஜாடை பக்கவாட்டில் தெரிந்து, நீட்டிய கையும் தொங்கிய கையும் ஒன்றுபோலக் குழப்பும். ஊர் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நவம்பர் தொடங்கி மழைக்காலப் பிற்பகல்கள் ஈரமானவை. வயதானவர்களுக்கு ஒரு சால்வை கையோடு இருக்கட்டும்.

இனி கருவி. மெட்டு வாசிக்கும் அங்குலுங்கில் இரண்டு மூங்கில் குழல்கள் ஒரு சட்டத்தில் தொங்கும். ஒன்று மற்றதைவிட ஒரு ஸ்தாயி மேல். குழலின் அடிப்பகுதி கணுவால் மூடியது, மேற்பகுதி நீளவாக்கில் செதுக்கி நாக்குபோல் விடப்பட்டது. அடியில் இரண்டு கால்கள். அவை கீழே படுத்திருக்கும் அடிக்குழலின் பள்ளத்துக்குள் முன்னும் பின்னும் ஓடி விளிம்பில் மோதும்போது நாக்கு அதிரும். அதே சுருதிக்கு அமைந்த குழலின் காற்று அதைப் பெருக்கித் தரும். இரண்டும் ஒத்துப்போகாத கருவி ‘டொக் டொக்’ என்று மரம் தட்டுவதுபோலக் கேட்கும், சுரம் மங்கலாக இருக்கும். விலை குறைந்த நினைவுப்பொருள் அங்குலுங்குகளில் பெரும்பாலும் இதுதான் கதை. மலிவு என்பதற்கு நிபந்தனை உண்டு என்றது இதனால்தான்: அலங்காரத்துக்கு விற்பதும் வாசிக்க விற்பதும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்.

வாங்குமுன் கடையிலேயே செய்ய வேண்டியவை சில. கைபேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு போங்கள். அதில் சுருதி அளவை 440 ஹெர்ட்ஸுக்கு வையுங்கள். ஒரு குழலை விரலால் பிடித்து அசையாமல் நிறுத்தி மற்றதை மட்டும் குலுக்குங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். இரண்டும் ஒரே சுரப்பெயரைக் காட்ட வேண்டும், முள் நடுவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். குழலை வெளிச்சத்தில் பிடித்து நீளவாக்கில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குண்டூசித் துளையும் அதன் கீழே மாவுபோல் தூளும் இருந்தால் மூங்கில் உளுக்கத் தொடங்கிவிட்டது. ஒன்றில் இருந்தால் பெட்டி முழுக்கப் பரவும், அந்தத் தொகுதியையே விட்டுவிடுங்கள். நல்ல பட்டறைகள் மூங்கிலை வறண்ட பருவத்தில், அதில் மாவுச்சத்து குறைந்திருக்கும்போது வெட்டி, பல மாதம் நிழலில் உலர்த்துவது இதற்காகவே. பச்சை வாசனையும் கனமும் இருந்தால் அவசரத்தில் செய்தது. உங்கள் ஊருக்கு வந்து காயும்போது சுருதி ஏறும், கட்டு தளரும், சில சமயம் வெடிக்கும். பிரம்புக் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள், நகரக் கூடாது.

எத்தனை வாங்குவது? முழு மெட்டுத் தொகுதி என்றால் வழக்கமாகச் சிறியவை 31, கீழ்ஸ்தாயிக்குப் பெரியவை 11. பக்கவாத்தியத்துக்கு மூன்று, நான்கு குழல்கள் கொண்டு ஒரே குலுக்கில் பல சுரங்கள் சேர்ந்த சுரக்கட்டைத் தரும் தனி வகை உண்டு. புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு இவ்வளவும் வேண்டாம். எட்டுச் சுரத் தொகுதி இரண்டு, ஒரே பட்டறையில் ஒரே நேரத்தில் செய்தவை, போதும். பதினாறு பேருக்கு ஆகும். வேறு வேறு இடத்தில் வாங்கிச் சேர்த்தால் ஒரே ‘க’ இரண்டு விதமாக ஒலித்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு அலைவு கேட்கும். மேலும் பணம் இருந்தால் இன்னொரு முழுத் தொகுதி வாங்காதீர்கள். மேல்ஸ்தாயி கருவிகளின் ஒலி மெலிது, கூட்டத்தில் அமுங்கும். அவற்றில் மட்டும் இரட்டிப்பு வாங்குங்கள். கூடவே கருவிகளை மாட்டிவைக்க ஒரு தொங்கு சட்டம். அது ஆடம்பரம் இல்லை, ஏன் என்பது கீழே.

பிடிக்கும் முறை: இடது கை சட்டத்தின் மேல்பாகத்தைத் தளர்வாகப் பிடித்திருக்கும், குழல்கள் செங்குத்தாகத் தொங்க வேண்டும். வலது கை அடிக்குழலின் ஓரத்தைப் பிடித்து மணிக்கட்டால் இடவலமாகச் சிறுசிறு அசைவாகக் குலுக்கும். இது குருளுங் எனப்படும் அடிப்படை வாசிப்பு. அடிக்குழலின் ஓரத்தை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் குறுகிய ஒலி, அது சென்தொக். ஒரு குழலை விரலால் அடக்கிக்கொண்டு மற்றதை மட்டும் ஒலிக்கவிடுவது தெங்கெப், மென்மையான பகுதிகளுக்கு. முதல் மாதம் குருளுங் மட்டும் போதும்.

புதியவர்கள் செய்யும் தவறு மூன்று. தோளிலிருந்து குலுக்குவது: சத்தம் அதிகம், சுரம் குறைவு, பத்து நிமிடத்தில் கை கடுக்கும். கருவியைச் சாய்த்துப் பிடிப்பது: கால்கள் பள்ளத்தின் ஒரு பக்கமே உரசி ஒலி செத்துப்போகும். மூன்றாவதுதான் பெரியது: தன் முறை முடிந்ததென்று அடுத்தவர் தொடங்குவதற்குள் நிறுத்திவிடுவது. மெட்டு துண்டு துண்டாகக் கேட்பதற்கு நூற்றில் தொண்ணூறு தடவை காரணம் இதுவே. விதி எளிது. அடுத்த சுரம் காதில் விழும்வரை உங்கள் கையை நிறுத்தாதீர்கள். இதைச் சொல்லிக்கொடுக்க நல்ல பயிற்சி, எட்டுப் பேரை வரிசையாக நிற்கவைத்துச் சுரங்களை மேலும் கீழுமாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாற்றச் சொல்வது, பந்திக்கு வாளி கைமாறுவதுபோல. ஜாடை காட்டாதீர்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தும் கேட்டும் செய்யட்டும். ஐந்து நிமிடம் இது நடந்தால், முகம் தெரியாதவர்கள் பக்கத்து ஆளின் தோள் அசைவையே படிக்கத் தொடங்கிவிடுவார்கள். நடத்துநர் காட்டும் ஜாடையில் மட்டும் வளர்ந்த குழுவுக்கு இது வராது. எல்லார் கண்ணும் முன்னால் இருப்பவர்மேல்தான் இருக்கும், அவர் ஒரு நாள் வராவிட்டால் குழுவே இல்லை.

முதல் நாளுக்கு 45 நிமிடம் போதும், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். பிடிக்கப் பழக ஐந்து நிமிடம், கைமாற்றப் பயிற்சி பத்து, எண் குறிப்பைப் பார்த்து எளிய மெட்டு பதினைந்து, நடுவில் கையை இறக்கி ஓய்வு, கடைசியில் விருப்பம்போல வாசித்தல். எண் குறிப்பு என்பது 1, 2, 3, 5 என்று பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டிய தாள். ஒவ்வொரு எண்ணும் ஓர் ஆள். கொஞ்சம் தள்ளி இருப்பவருக்கும் தெரிய எழுத்து உள்ளங்கை அகலம் இருக்கட்டும். எண்ணுக்கு ஒரு நிறமும் தந்து, அதே நிறத் துணிப்பட்டையைக் கருவியில் கட்டிவிட்டால் நினைவு தடுமாறுகிறவர்களுக்குப் பாதி வேலை குறையும்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் தமிழ்க் குழுக்களுக்கு ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. எட்டுச் சுரத் தொகுதி அப்படியே சங்கராபரணம். அதிலிருந்து 4, 7 (ம, நி) இரண்டையும் எடுத்துவிட்டால் மோகனம். விருப்பம்போல வாசிக்கும் நேரத்துக்கு மோகனச் சுரங்களை மட்டும் கொடுங்கள். யார் எப்போது குலுக்கினாலும் காதில் குத்தாது. தொல்லை, கமகம். அங்குலுங் சுரத்தை அசைக்காது, வளைக்காது. கீர்த்தனை ஒன்றை அதில் வாசித்தால் எலும்புக்கூடு நடப்பதுபோல இருக்கும். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர உருப்படிகள் மேற்கத்திய மெட்டில் கமகமின்றி அமைந்தவை. இந்தக் கருவிக்கென்றே செய்ததுபோல உட்காரும். கும்மி, தாலாட்டு மெட்டுகளில் ஐந்தாறு சுரத்துக்குள் அடங்குபவையும் சரிவரும். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அங்குலுங் குழுக்கள் உண்டு என்பதால் அங்கே வளர்ந்த தமிழர் பலருக்குக் கருவி புதிதல்ல. உங்கள் ஊர்ச் சங்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால் முதலில் அவரைப் பிடியுங்கள்.

சுரம் பங்கிடுவதில்தான் எல்லாரையும் சேர்த்துக்கொள்வது என்பது நிஜமாகிறது அல்லது பேச்சாகவே நின்றுவிடுகிறது. பாட்டை முடிவு செய்ததும் ஒவ்வொரு சுரமும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். 32 சுரம் உள்ள மெட்டில் ‘ப’ பன்னிரண்டு தடவையும் ‘ம’ ஒரே தடவையும் வரலாம். அந்த ‘ம’வை யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவர் மற்ற நேரம் வேடிக்கைதான் பார்ப்பார். பெரும்பாலும் அதைத் ‘தடுமாறுவார்’ என்று நாம் நினைக்கும் ஆளுக்கே தள்ளிவிடுவோம். அவர் மூன்றாவது வாரம் வரமாட்டார். அரிதாக வரும் சுரத்தை இரண்டு கருவி கையாளத் தெரிந்தவருக்குக் கொடுங்கள். அடிக்கடி வரும் சுரத்தை இரண்டு பேருக்குச் சேர்த்துக் கொடுங்கள், ஒருவர் திறமையானவர், ஒருவர் தயங்குபவர். தயங்குபவர் துணையைப் பார்த்தே பிடித்துக்கொள்வார். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை சுரத்தை மாற்றுங்கள். ஆனால் நினைவு மங்கியவருக்கு மாற்றாதீர்கள். ‘நான் ரெண்டாம் நம்பர்’ என்பது அவருக்கு ஒரு பிடிமானம்.

தொங்கு சட்டம் இங்கே வேலைக்கு வருகிறது. பக்கவாதத்தால் ஒரு கை வராதவர், கருவியைச் சட்டத்தில் மாட்டி அடிக்குழலை ஒரு கையால் ஆட்டலாம். கீழ்ஸ்தாயிப் பெரிய கருவிகளைச் சக்கர நாற்காலியில் இருப்பவர் மடியில் தாங்க முடியாது, அவையும் சட்டத்துக்கு. கை நடுக்கம் உள்ளவர்களிடம் இந்தக் கருவி கடுமை காட்டாது, வாசிப்பே ஒரு நடுக்கம்தானே. ஆனால் சும்மா இருக்க வேண்டிய இடத்திலும் ஒலித்துவிட்டு அவர் சங்கடப்படுவார். ஓய்வு வரும்போது கருவியை மடியில் சாய்த்து உள்ளங்கையைக் குழல்கள்மேல் வைத்தால் அடங்கும். இதை எல்லாருக்கும் பொதுப் பழக்கமாகவே சொல்லிக்கொடுங்கள், அவரைத் தனியாகக் காட்டியதாக இருக்காது. கண் தெரியாதவருக்கு ஜாடையும் சுவர்த்தாளும் பயனில்லை. தனக்கு முன் வரும் சுரத்தை வைத்திருப்பவர் பக்கத்தில் அவரை உட்காரவையுங்கள். கருவியின் சட்டத்தில் ரப்பர் வளையம் மாட்டி, ஒன்று என்றால் ச, இரண்டு என்றால் ரி என்று விரலுக்கு அடையாளம் தரலாம். இரண்டாம் வாரமே மெட்டை முழுசாக மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும்.

சத்தம் பொறுக்காதவர்களை, குறிப்பாக ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை, மறந்துவிடக் கூடாது. ஓடு பதித்த தரையும் வெறுஞ்சுவரும் உள்ள மண்டபத்தில் முப்பது அங்குலுங் கடலலைபோல மோதும். தரையில் ஜமுக்காளம், சன்னலுக்குத் திரை, வாசலோரம் ஓர் இருக்கை, காது மூடி இரண்டு மூன்று. எழுந்து போய்த் திரும்பி வரலாம் என்பதை முதலிலேயே சொல்லிவைத்தால் பலர் போகவே மாட்டார்கள். தோள்வலிக்காரர்களுக்குக் கைப்பிடி உள்ள நாற்காலி நல்லது. இது வைத்தியம் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் கையை அசைத்து, நாலு முகத்தைப் பார்த்து, தன் முறைக்குக் காத்திருந்து வீட்டுக்குப் போவது. அதற்கே வரலாம்.

மற்ற கருவிகளோடு ஒப்பிட்டால்: பூம்வேக்கர்ஸ் எனப்படும் வண்ணப் பிளாஸ்டிக் குழாய்களும் ஆளுக்கு ஒரு சுரம்தான். ஈரத்துக்கு அஞ்சாது, துடைக்கலாம், கீழே போட்டாலும் கவலையில்லை. முதியோர் இல்லங்களுக்கும் கிருமி பயம் உள்ள இடங்களுக்கும் அதையே சொல்வேன். ஆனால் தட்டியதும் ஒலி செத்துவிடும், சுரத்தை நீட்டிக் கைமாற்றும் சுகம் இல்லை. பித்தளைக் கைமணி இனிமை, ஆனால் விலையும் கனமும் மிரட்டும். ஜெம்பே என்ற ஆப்பிரிக்க முரசை வட்டமாக உட்கார்ந்து தட்டுவது தாளத்துக்கு நல்லது, மெட்டு கிடையாது, மூட்டுவலிக்காரர்களுக்கு உள்ளங்கை வலிக்கும். நம் பறை கொண்டாட்டத்துக்கு நிகரில்லாதது. தோலைச் சூடுகாட்ட நெருப்பும் திறந்தவெளியும் வேண்டும், காது மெல்லியவர்களுக்கு அருகில் இடமில்லை. நீண்டு ஒலிக்கும் சுரம், குறைந்த பலம், உடனே வாசிக்க முடிவது என்ற மூன்றும் சேர்ந்து வேண்டுமானால் அங்குலுங்தான்.

பராமரிப்பு சற்று நச்சரிப்பானது. குளிர்சாதன அறையில் நிரந்தரமாக வைத்தால் மூங்கில் அதிகம் உலர்ந்து கட்டு தளரும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடற்காற்று ஊர்களில் மழைமாதம் ஈரம் குடித்துச் சுருதி இறங்கும், அடிக்குழல் ஊதி கால் பள்ளத்தில் சிக்கும். சிக்கினால் மெல்லிய உப்புத்தாளைப் பள்ளத்தின் உள்விளிம்பில் இரண்டு மூன்று இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். பள்ளம் அகன்றால் சுரத்தைவிடத் தடதடப்பே அதிகம் கேட்கும். ஈரத்துணி கூடாது. அடுக்கிப் படுக்கவைக்காமல் கம்பியில் தொங்கவிடுங்கள், வெயில் படாமல். தளர்ந்த பிரம்புக் கட்டை மெழுகுநூலால் இறுக்கிக் கட்டலாம். சுருதி திருத்துவது வேறு வேலை: நாக்கின் நுனியைச் செதுக்கிக் குறைத்தால் சுரம் ஏறும், அடிப்பக்கம் சீவி மெலிதாக்கினால் இறங்கும், ஒரு சீவல் கூடிப்போனால் திரும்ப ஒட்ட முடியாது. மழைக்காலத்தில் திருத்தவே கூடாது, காய்ந்ததும் மறுபடி தப்பிவிடும்.

விமானத்தில் கொண்டுவரும்போது குழல்களுக்கு நடுவே துணி செருகி அசையாமல் கட்டி, கெட்டி அட்டைப்பெட்டியில் நிற்கவைத்து அடுக்குங்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் மூங்கில் பொருள் என்று நுழைவுப் படிவத்தில் கட்டாயம் எழுத வேண்டும். பூச்சித்துளை ஒன்று தென்பட்டாலும் அதிகாரிகள் பெட்டியை விடமாட்டார்கள்.

கடைசியாக, வராதவர்களைப் பற்றி. எந்தக் குழுவிலும் வாரத்துக்கு இரண்டு பேர் வரமாட்டார்கள், இந்தக் கருவியில் அது உடனே கேட்கும். வராதவரின் அங்குலுங்கைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அவருடைய இடத்துக்கு நேரே தொங்கு சட்டத்தில் மாட்டி, பக்கத்தில் இருப்பவர் ஒரு கை நீட்டி ஆட்டும்படி வையுங்கள். மெட்டு நிற்காது. அன்று சாயங்காலம் அவருக்கு யாராவது தொலைபேசியில் பேசும்போது சொல்ல ஒரு செய்தியும் இருக்கும்: ‘இன்னிக்கு உங்க நம்பரைப் பக்கத்துல இருந்தவங்க வாசிச்சாங்க, ரெண்டு தடவை விட்டுட்டாங்க.’